திருமுக்கூடல் கல்வெட்டும் கரஸ் படிப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம், தென்கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்தில், கி.பி. 1068-ஐ ஒட்டி வெட்டப்பட்ட ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து கோயிலுக்கு வரும் வருவாயை எப்படிச் செலவிடுவது என்பதற்கான கணக்கு அது. அந்தக் கணக்கில் ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையும் வருகின்றன. ரிக் வேதம், யசுர் வேதம், இலக்கணம், ஆகமம் என்று பிரிந்து படித்த 60 பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். கல்வெட்டைப் படிப்பவரை வியக்கவைப்பது பாடத்திட்டம் அன்று. பாடங்களைச் சில சொற்களில் சொல்லி முடித்துவிடும் அந்தக் கல், மாணவர் உண்ணும் அரிசிக்கும், சனிக்கிழமைக் குளியலுக்கான எண்ணெய்க்கும், இரவில் எரியும் விளக்குக்கும், படுக்கும் பாய்க்கும் பொறுமையாக அளவு எழுதுகிறது. சமைப்பவருக்குக் கூலி உண்டு. மாணவருக்கு நோய் வந்தால் பார்க்க ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யப் பெண்கள் ஆகியோருக்கும் நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆதுலசாலையில் சேர்த்துவைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் கூடவே இருக்கிறது.

அந்தக் கணக்கை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பாடம் சொல்ல ஆசிரியர் வந்துவிட்டால் மட்டும் கல்வி நடந்துவிடாது. படிப்பவருக்கு உட்கார ஓர் இடமும், அந்த இடத்தில் வெளிச்சமும், வேறு வேலைக்கு யாரும் கூப்பிடாத நேரமும், கூடப் படிக்கிறவரின் துணையும் வேண்டும். இவை தாமாக வருவதில்லை. யாரோ ஒருவர் இவற்றுக்குச் செலவு செய்தாக வேண்டும். இன்று அந்த யாரோ ஒருவர் யார் என்ற கேள்வியை அஞ்சல் வழிக் கல்வியும் இணையவழிக் கல்வியும் சத்தமில்லாமல் கடந்துபோய்விட்டன. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 45.71 லட்சம் பேர் தொலைநிலைக் கல்வியில் இருந்தார்கள். உயர்கல்வியில் இருந்த மொத்தம் 4.13 கோடிப் பேரில் ஒன்பதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களைத் தேடிப் பாடம் வீட்டுக்கே போனது உண்மை. பாடத்தோடு சேர்ந்து, கல்லூரி தந்துவந்த இடம், நேரம், விளக்கு, துணை அத்தனையின் செலவும் அந்த வீட்டின் தலையில் இறங்கியது. அந்தப் பாரத்தைத் தாங்கும் வீட்டுப் பிள்ளை தேறுகிறது. தாங்காத வீட்டுப் பிள்ளை பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு நாம் ‘படிப்பில் அக்கறை இல்லை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். தொலைநிலைக் கல்வியின் குறை தொலைவில் இல்லை, மாணவரின் பக்கத்தில் எந்த நிறுவனமும் இல்லாததில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றை மறைக்கக் கூடாது. திருமுக்கூடல் கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வேதம் படிக்கத் தகுதி உடையவர்கள் என்று அந்தக் காலம் யாரைச் சொன்னதோ அவர்களுக்கே அந்தப் பாயும் விளக்கும் கிடைத்தன. ஊரில் நெய்தவருக்கும் உழுதவருக்கும், எந்தச் சாதியானாலும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கதவை உடைத்ததில் அஞ்சல் வழிக் கல்விக்குப் பெரிய பங்கு உண்டு. 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் வகுப்பறைக்கு வராதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று அறிவித்தது. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள்கூட அந்த லண்டன் தேர்வுகளுக்காகத்தான் படித்தார்கள். இந்தியாவில் 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இதில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. ‘பி.ஏ. கரஸ்ல (அஞ்சல் வழியில்) முடிச்சேன்’ என்று சொல்லும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், பேருந்து நடத்துநர்கள், காவலர்கள் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நான் மேலே சொன்ன 45.71 லட்சம் பேரில் 20.9 லட்சம் பேர் பெண்கள். கல்யாணத்தோடு நின்றிருக்க வேண்டிய படிப்பு, கரஸ் என்ற ஒரு சொல்லால் நிற்காமல் தொடர்ந்திருக்கிறது. இதைக் கொச்சைப்படுத்திப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர் எங்கே உட்கார்ந்தார் என்று கேட்க வேண்டும். காஞ்சிபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். தறி போட்டிருக்கும் வீட்டில் பெரிய அறை தறிக்குத்தான். குழித்தறி ஓர் அறையை முழுக்க எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள இடத்தில்தான் சமையலும் படுக்கையும் பிள்ளைகளும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் தனியாக ஓட்ட முடியாது, ஒரு பக்கத்து நாடாவைப் போட உடன் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டில் அந்த இடத்துக்கு யார் கூப்பிடப்படுவார் என்று சொல்லத் தேவையில்லை. கல்லூரிக்குப் போன பிள்ளையைக் கூப்பிட முடியாது. வீட்டில் புத்தகத்தோடு இருக்கும் பிள்ளையைக் கூப்பிடலாம். ‘சும்மாதானே இருக்க’ என்ற சொல் வீட்டிலிருந்து படிப்பவரை, அதிலும் பெண்களை, நாள் முழுக்கத் துரத்துகிறது. ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு பட்டம் படிப்பவரின் சிக்கல் வேறு வகை. வாரந்தோறும் மாறும் ஷிப்டில் தூங்கும் நேரமே நிலையாக இல்லை, படிக்கும் நேரம் எங்கிருந்து வரும்? பல பேர் சேர்ந்து தங்கும் அறையில் ஒருவர் விளக்கைப் போட்டால் இன்னொருவர் தூக்கம் கெடும். திருமுக்கூடல் கல்வெட்டு இரவு விளக்குக்குத் தனியாக எண்ணெய் எழுதிவைத்தது ஏன் என்பது இந்த அறையில் இருப்பவருக்குத்தான் உடனே புரியும்.

அஞ்சல் வழிக் கல்வியை வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. அச்சிட்ட பாடம், வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்ட், விடுமுறை நாட்களில் காண்டாக்ட் கிளாஸ், பக்கத்து நகரில் ஒரு சென்டர் ஆகிய நான்கு கால்களில் நிற்பதாகத்தான் அதைக் கட்டினார்கள். உலகெங்கும் திறந்தநிலைக் கல்விக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1969-இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1971-இல் அது பாடம் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்பிய விரிவுரைகளைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே பல்கலைக்கழகம் ஊர்தோறும் படிப்பு மையங்களை அமைத்து, பகுதிநேர ஆசிரியர்களை நியமித்து, அவர்கள் மாணவரின் கட்டுரையைத் திருத்தி அனுப்பும்படி செய்ததும், கோடையில் மாணவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து வகுப்பு நடத்தியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளிபரப்பு அந்தக் கல்வியின் முகம் என்றால் மையமும் திருத்திய கட்டுரையும் அதன் முதுகெலும்பு. நம்மிடம் முதலில் தேய்ந்தது இந்த முதுகெலும்புதான். அச்சிட்ட பாடம் வந்தது, தேர்வும் நடந்தது. நடுவில் இருந்த அசைன்மென்டும் வகுப்பும் பல இடங்களில் பெயரளவுக்குச் சுருங்கின. சென்டர் என்பது பணம் கட்டும் இடமாகவும் ஹால் டிக்கெட் வாங்கும் இடமாகவும் ஆகிப்போனது. புத்தகம் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் கையில் கிடைத்தாலும், தேர்வுத் தேதி குறுஞ்செய்தியில் தவறாமல் வந்துவிடும் என்ற நிலையில் மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்? பல்கலைக்கழகத்துக்குத் தன்மேல் உள்ள அக்கறை எவ்வளவு என்பதைத்தான்.

2020-இல் யாரும் திட்டமிடாத ஒரு சோதனை நடந்தது. மார்ச் மாதத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. அதே மாணவர், அதே ஆசிரியர், அதே பாடம்; கட்டடம் மட்டும் இல்லை. இடத்தை எடுத்துவிட்டால் படிப்பில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான வாய்ப்பு கிடைக்காது. கிராமத்து வீடுகளில் 14.9 சதவீதத்தில்தான் இணைய வசதியும், 4.4 சதவீதத்தில்தான் கணினியும் இருந்தன என்று தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கு ஏற்கனவே சொல்லியிருந்தது. ஒரே கைபேசியில் அண்ணனுக்குக் கல்லூரி வகுப்பு, தங்கைக்குப் பள்ளி வகுப்பு, அப்பாவுக்கு வேலைக்கான அழைப்பு என்று முறை வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா தரும் அட்டைகளை அறிவித்தது. நல்ல உதவிதான் அது. ஆனால் 2 ஜிபி டேட்டா வீட்டில் ஓர் அறையைக் கூட்டாது. தறிச் சத்தத்தைக் குறைக்காது. அடுப்படியிலிருந்து வரும் அழைப்பைத் தள்ளிவைக்காது. நாம் இணைப்பு என்ற ஒன்றையே முழுச் சிக்கலாகப் பார்த்தோம். இணைப்பு கிடைத்த பிறகும் கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, வகுப்பில் பெயர் மட்டும் இருந்த மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் வருந்தினார்கள். கேமராவை அணைத்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. தன் வீட்டைச் சக மாணவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சமும் காரணம். கல்லூரி வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. இணைய வகுப்பில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அவரவர் வீட்டுச் சுவர்.

அந்தச் சுவரும் தேர்வுக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வு இணையவழியில் நடந்தபோது, மாணவர் தலை திரும்புகிறதா, பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. முடிவுகள் வந்தபோது பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தேறாமலும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டும் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, அந்த ஆண்டு மே மாதம் அரசு மறுதேர்வு அறிவித்தது. முறைகேடு நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தனி அறை உள்ள வீட்டில் மௌனம் இயல்பாகக் கிடைக்கிறது, ஓரறை வீட்டில் அது கிடைப்பதே இல்லை. மௌனத்தை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் கருவி, வீட்டின் அளவுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. தேர்வு மண்டபம் என்ற பொது இடம் நமக்கு எவ்வளவு பெரிய சமத்துவத்தைத் தந்துகொண்டிருந்தது என்று அதை இழந்தபோதுதான் தெரிந்தது.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே வேறு வழியில் காட்டுகின்றன. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட இணையப் பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஜஸ்டின் ரீச், ஹோசே ருயிபெரெஸ் வாலியென்டே என்ற இருவர் ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18-இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேரே முடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இதில் உண்டு என்று இந்த எண்ணைத் தள்ளிவிடலாம்தான். அப்படித் தள்ளிவிட முடியாத இன்னொரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த சுமார் 5 லட்சம் பாடப் பதிவுகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டி ஷூவும் ஷானா ஜாகர்ஸும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். இணையவழிப் பாடத்தில் ஏறக்குறைய எல்லா வகை மாணவர்களின் தேர்ச்சியும் குறைந்தது. ஏற்கனவே மதிப்பெண் குறைந்தவர்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள் ஆகியோருக்கு அந்தச் சரிவு மேலும் அதிகம். வகுப்பறையில் இருந்த இடைவெளி திரைக்கு வந்ததும் அகன்றது. யாருக்கு இந்தக் கல்வி மிகவும் தேவை என்கிறோமோ அவர்களைத்தான் அது முதலில் கைவிடுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். சென்னை ஐஐடி 2020 ஜூனில் தொடங்கிய நிரலாக்கம், தரவு அறிவியல் இணையப் பட்டப்படிப்பு ஜேஇஇ தேர்வு இல்லாமலே ஆயிரக்கணக்கானவர்களை ஐஐடி வாசலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற திட்டத்தின் இணையப் பாடங்களைத் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள் வரவுமதிப்புக்காகவே எடுத்துக்கொள்கின்றன. அப்படியிருக்க, இடம் இடம் என்று ஏன் புலம்ப வேண்டும்? இந்த இரண்டும் நன்றாக நடப்பதை நான் மனமார ஏற்கிறேன். எப்படி நடக்கின்றன என்று உற்றுப் பார்த்தால் அவை என் வாதத்துக்குத்தான் துணை வருகின்றன. என்பிடெல் பாடம் இணையத்தில் இருந்தாலும் சான்றிதழுக்கான தேர்வை நேரில் ஒரு மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். கல்லூரிகளில் அதற்கு உள்ளூர்க் கிளைகள் உண்டு. வாரந்தோறும் மாணவரைத் தூண்டிக் கேட்க அந்தக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கிறார். ஐஐடியின் பட்டப்படிப்பிலும் சேர்வதற்கு முன் நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள், முக்கியத் தேர்வுகளை நேரடி மையங்களில் நடத்துகிறார்கள், வருமானம் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து ஒருவரை ஒருவர் அறியவைக்கிறார்கள். திரைக்கு வெளியே இத்தனை ஏற்பாடு இருப்பதால்தான் திரைக்குள் இருக்கும் பாடம் நிற்கிறது. அரசின் ஸ்வயம் தளம் காணொளி, வாசிப்புப் பாடம், விவாதம், சுயமதிப்பீடு என்று நான்கு கூறுகளாகப் பாடத்தை வகுத்திருக்கிறது. நான்கும் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. படிப்பவர் உட்காரும் இடத்தை ஐந்தாவது கூறாக இன்னும் யாரும் எழுதவில்லை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கசப்பானது. கரஸில் சேர்பவர்களில் பெரும்பாலானோர் பதவி உயர்வுக்கும் ஊதிய உயர்வுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவர்கள், அவர்களுக்குப் படிப்பறை எதற்கு என்பார்கள். சான்றிதழுக்காகச் சேர்வது குற்றமில்லை. ரெகுலர் கல்லூரியில் சேர்பவரும் வேலைக்காகத்தான் சேர்கிறார். அவருக்கு வகுப்பறை கட்டித் தரும்போது இவருக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி? உண்மையில் சான்றிதழின் மதிப்பும் இந்த இடத்தில்தான் இடிபடுகிறது. 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று தெளிவாக அறிவித்தது. பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டங்களைத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்ற 2009-ஆம் ஆண்டு அரசாணை போன்ற வரம்புகள் தனி. ஆனால் சட்டம் சமம் என்று சொன்ன பட்டத்தையும் நேர்காணலில் ‘ரெகுலரா, கரஸா?’ என்று கேட்டுத்தான் எடைபோடுகிறார்கள். அந்தக் கேள்வியை அறிக்கையால் மாற்ற முடியாது. கரஸில் படித்தவர் எழுதிய அசைன்மென்டை ஒருவர் உண்மையாகத் திருத்தினார், அவர் சந்தேகத்தை ஒருவர் தீர்த்தார், அவர் ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்தார் என்ற நிலை வரும்போதுதான் அந்தக் கேள்வி தானாக ஓயும்.

செலவு என்ற மூன்றாவது மறுப்புதான் ஆட்சியாளர்கள் சொல்வது. மலிவு என்பதற்காகத்தானே தொலைநிலைக் கல்வி, அதற்கும் கட்டடம் கட்டினால் மலிவு எங்கே? ஒன்றை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: மலிவு பல்கலைக்கழகத்துக்குத்தான். மாணவர் வீட்டுக்குக் கைபேசி, டேட்டா, தேர்வு மையத்துக்குப் பயணம், இழந்த நாள் கூலி என்று செலவு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான். மேலும் புதிதாகக் கட்ட வேண்டியதும் அதிகமில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, அந்தச் சட்டம் 1948-இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் முயற்சியால் வந்தது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம், மேசையும் இணையமும் அமைதியும் கொண்ட ஒரு கூடத்தை அரசு நினைத்தால் தர முடியும் என்று காட்டிவிட்டது. அப்படி ஒன்று வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும், சிறியதாக ஒன்று திருமுக்கூடலிலும் இருப்பது கைக்கெட்டாத கனவு அல்ல. பூட்டிய ஊராட்சி நூலகத்தைத் திறந்து, நான்கு மேசை போட்டு, இணையம் கொடுத்து, உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரை மாலை நேரப் பொறுப்பாளராக நியமித்து, வாரம் ஒருமுறை பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் வந்துபோக ஏற்பாடு செய்தால் போதும். பெண்கள் இருட்டிய பிறகு வர முடியுமா என்ற கேள்வி நியாயமானது. நடந்து போகும் தூரத்தில், வெளிச்சமான தெருவில், தெரிந்தவர் பொறுப்பில் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் வீடுகள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மையத்துக்கு அனுப்பாத வீடுகளே.

இந்தக் கூடங்களைத் திறக்கும் பொறுப்பை நூலகத் துறையின் தலையில் மட்டும் போடவும் முடியாது. மாணவரிடம் கட்டணம் வாங்குவது பல்கலைக்கழகம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு, மாணவர் வாழும் ஊரில் அவருக்காக எரியும் விளக்குக்குப் போக வேண்டும். வயலைக்காவூர் நெல்லில் எத்தனை கலம் யாருக்கு என்று சோழர் காலத்துக் கணக்கர்கள் கல்லிலேயே எழுதிவைத்தார்கள், பின்னால் வருகிறவர் மாற்றிவிடக் கூடாது என்று. நம் பல்கலைக்கழகங்கள் கல்லில் எழுத வேண்டாம், ஆண்டுதோறும் வெளியிடும் விவரக் கையேட்டில் எழுதினால் போதும். பாடங்களின் பெயரும் கட்டணமும் தேர்வுத் தேதியும் அச்சாகும் அதே பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சேரும் மாணவி எந்த ஊரில் எந்தக் கூடத்தில் உட்கார்ந்து படிக்கலாம், அந்தக் கூடம் இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும், அங்கே அவருடைய சந்தேகத்தைக் கேட்க யார் இருப்பார் என்ற மூன்று விவரங்களும் இருக்கட்டும். வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பிலேயே அதைத் தொடங்கலாம்.